நுரைக்காத கல்

எங்கள் பட்டறையின் குழாயடியில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இரண்டாக வெட்டிக் கிடக்கும். பார்க்கிறவர்கள் திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் மறுத்ததில்லை. கைப்பையிலும் ஒன்று வைத்திருக்கிறேன். ஹோட்டல் வரவேற்பறை, பல் டாக்டரின் மேஜை, யாராவது வீட்டில் டிவிக்குப் பக்கத்துத் தட்டு, எங்கே ஒரு வெள்ளைப் பவளப்பாறைத் துண்டைக் கண்டாலும், யாரும் பார்க்காத நேரமாக அதன் அடியில் ஒரு சொட்டுப் பிழிந்து காதை வைத்துக் கேட்பேன். வைட்டிலாவில் ஒரு புதுமனைப் புகுவிழாவில் இதைச் செய்து மாட்டிக்கொண்டேன். வீட்டுக்காரியின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். செய்வினை வைக்க வந்தவள் என்றே நினைத்திருப்பாள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வருவதில்லை.

கிறுக்கு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் தேடுவது ஒரு கல்லை.

நான் பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரியில். முனிசிபாலிட்டி வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் கணவர். அவர் ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரர். சங்கு எடுக்கக் கடலில் முங்குகிற குடும்பம். ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டல் சமையலறைக்கு வேலைக்கு வந்தவரை எனக்குக் கட்டிவைத்தார்கள். கோடையில் ஹோட்டலில் கூட்டம் குறையும்போது ஊருக்குப் போய் முங்கிவிட்டு வருவார்.

கல்யாணமான புதிதில் ஊரிலிருந்து அவர் எனக்குக் கொண்டுவந்தது புடவையில்லை, வளையலில்லை. இரண்டு கையால் ஏந்துகிற அளவுக்கு ஒரு வெள்ளைக் கல். கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையிலும் ஊசி குத்தியதுபோல ஆயிரம் துளைகள். அடியில் மட்டும் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம். கடப்பாரை விழுந்த இடம் அது. அவர் சிறுபிள்ளையாக இருந்த நாளில் அந்தக் கரையில் வள்ளம் வள்ளமாக இந்தக் கல்லை உடைத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கொடுத்தார்களாம். அவர் கையால் முதன்முதலில் பெயர்த்த கல் அது. சூளைக்குக் கொடுக்க மனம் வராமல் வீட்டுப் பரணில் வைத்திருந்தாராம்.

அதற்கு உயிருண்டு என்று டிவியில் பார்த்துவிட்டு ஒருநாள் அவரிடம் சண்டைக்குப் போனேன். உயிருள்ளதை உடைத்திருக்கிறீர்களே என்றேன்.

"அப்ப அது கல்லு. உசுருன்னு யாரு வந்து சொன்னா? சொன்னப்ப பாதிப் பார் போயிருச்சு" என்றார். கடலுக்கடியில் இருக்கும் பவளப்பாறைத் திட்டை அவர்கள் ஊரில் பார் என்பார்கள். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு கோடையில் அந்தப் பாரை ஒட்டி முங்கியவர் மேலே வரவில்லை. தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து காரியம் முடித்தார்கள். அவருடைய தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணன் பொழங்குன பொருள் எதையாச்சும் கடல்ல விடணும் மதினி. இல்லாட்டி அது அலையும்" என்றான். ஒரு சட்டையைக் கொடுத்தேன். கல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. அலையட்டும், என் வீட்டுக்குள் அலையட்டும் என்று நினைத்தேன்.

அலைந்தது. ஜூனில் இடவப்பாதிப் பருவமழை தொடங்கினால் அந்தக் கல் ஈரமாகும். உள்ளேயிருக்கும் கடல் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன பயன்? அலமாரிப் பலகையில் வட்டமாகத் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, உப்பு, காற்று என்றா மனசுக்குத் தோன்றும்? விரலால் தொட்டு நாக்கில் வைப்பேன். கரிக்கும். அவர் வந்திருக்கிறார் என்று கதவைச் சாத்திக்கொள்வேன். மழைக்காலம் முழுக்க எனக்குத் தனிமை என்பதே கிடையாது.

பிழைப்புக்கு, சுற்றுலாக்காரர்கள் நடமாடும் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் சேர்ந்தேன். முதலாளியை எல்லோரும் இக்கா என்போம். சங்கு, சிப்பி, பித்தளை விளக்கு எல்லாம் விற்பார். ஒரு காலத்தில் பவளப்பாறைத் துண்டுகளும் விற்றார். அது குற்றம், வைத்திருந்தாலே பிடிப்பார்கள் என்றானதும் எடுத்துவிட்டார். ஆனால் கேட்டு வருகிறவர்கள் நிற்கவில்லை. கப்பலில் வந்து இறங்குகிறவர்கள், தீவுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், எல்லோருக்கும் அந்த வெள்ளைக் கல் வேண்டும்.

"அதுபோலெ ஒண்ணு உண்டாக்கான் பற்றுமோ மோளே?" என்று ஒருநாள் கேட்டார். செய்ய முடியுமா என்கிறார்.

என் அண்ணன் எர்ணாகுளத்தில் கட்டிடங்களுக்கு ஜிப்சம் கூரை போடுகிறவன். அவனிடம் மிஞ்சிய பிளாஸ்டர் மாவு எப்போதும் வீட்டில் கிடக்கும். பிசைந்து வார்க்கும் பக்குவம் எனக்குத் தெரியும். அச்சுக்குத்தான் ஒரு அசல் வேண்டும். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவருடைய கல்லை இறக்கி, ரப்பர் அச்சு எடுத்தேன். எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேர் கூடச் சேர்ந்தார்கள். ஒருத்தியின் கணவர் கட்டிட வேலையில் விழுந்து படுக்கையில் இருந்தார். இன்னொருத்தி ஹோட்டலில் தரை துடைத்து முழங்கால் போனவள். உட்கார்ந்து செய்கிற வேலை என்று அவர்களுக்கு அது சாமி கொடுத்த வரம். அசலுக்குத் தாய்க்கல் என்று பேர் வைத்து, பட்டறைச் சுவரில் பலகை அடித்து அதன்மேல் உட்கார வைத்தோம். காலையில் ஊதுபத்தி கொளுத்துவது என் வேலை.

வார்த்தெடுத்த ஒவ்வொரு துண்டின் அடியிலும் பிறைவடிவப் பள்ளம் அப்படியே விழுந்தது. தேய்த்து அடைத்துவிடலாம் என்றாள் ஒருத்தி. கூடாது என்று சத்தம் போட்டேன். அவர் கடப்பாரை விழுந்த இடம் அது. எனக்குத் தெரியாத ஊர்களில், தெரியாத வீடுகளில் அவர் கை பதிந்த அடையாளம் போய் உட்காருகிறது என்பது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஒரு மழைக்காலத்தின் நடுவில் வனத்துறை அதிகாரி ஒருவர் வந்தார். என் வயதுப் பெண்மணி. எங்கள் துண்டு ஒன்றை விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டியில் பிடித்திருக்கிறார்கள். மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்பார்கள். என் மடியில் கனம் இருந்தது, தலைக்கு நேர்மேலே பலகையில்.

அவர் கையில் ஒரு சின்ன மருந்துக் குப்பி. காய வைத்திருந்த துண்டு ஒன்றைப் புரட்டி, பெயின்ட் படாத அடிப்பகுதியில் ஒரு சொட்டு விட்டார். காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"பிளாஸ்டர்தன்னெ. பேடிக்கண்டா சேச்சி" என்று சிரித்தார். பயப்பட வேண்டாமாம். அசலானால் புளிப்புப் பட்டதும் கல் கரைந்து நுரைக்கும், காதை வைத்தால் சத்தமே கேட்கும், அடுக்களை எலுமிச்சையே போதும் என்றார்.

எங்களுக்கு மூச்சு வந்தது. நாங்கள்தான் கடலைக் காப்பாற்றுகிறோம் மேடம், இது இருப்பதால்தான் அசலை யாரும் உடைப்பதில்லை என்று கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, இதைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் தீவுக்குப் போகும்போது அலையில் காலை வைத்ததும் இதே மாதிரி ஒன்றைத்தான் தேடுகிறார்கள், கப்பல்துறையில் நாங்கள் பைகளைத் திறந்தால் ஈரத்துணியில் சுற்றிக் கிடக்கிறது என்றார். இந்தத் தொழிலை நிறுத்தச் சொல்லவில்லை, உங்கள் வயிற்றில் அடிக்க நான் வரவில்லை, அடியில் ஒரு முத்திரை குத்துங்கள் என்றார். இது பிளாஸ்டர், அசல் உயிரோடு கடலில் இருக்கிறது, தொடாதீர்கள் என்று. அது நியாயமாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது, "அச்சு எதிலிருந்து எடுத்தீர்கள்?" என்று கேட்டார். மற்ற மூன்று பேருடைய கண்ணும் ஒன்றாகப் பலகைக்குப் போனது. இவர்களை நம்பி ஒரு திருட்டுக்கும் போக முடியாது.

அவர் அண்ணாந்து, குங்குமம் வைத்திருந்த அந்தக் கல்லைப் பார்த்தார். "இன்னைக்கு நான் அதைப் பார்க்கல. அடுத்த தடவை வரும்போது பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கொழுந்தனுக்குப் போன் செய்தேன். வருஷக்கணக்கில் மறைத்து வைத்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"கொண்டாங்க மதினி. அண்ணன் போன எடத்துலயே விட்ருவோம். அந்தப் பார்ல இப்ப வலை போடக்கூடாது, முங்கக்கூடாதுன்னுட்டாங்க. நான் கண்ணாடி போட்ட படகுல ஆளுகளக் கூட்டிப் போயி மேல இருந்து காட்டுறேன். அதுதான் பொழப்பு. எடம் எனக்குத் தெரியும்."

பார் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"போன கோடைச் சூட்டுல வெளுத்துப் போச்சு மதினி. உசுரோட இருந்தா செம்மண்ணு மாதிரி, பாசி மாதிரி இருக்கும். செத்தாத்தான் வெள்ள. வர்றவங்களுக்கு அது தெரியல. தவிட்டு நெறத்துல உசுரோட கெடக்குறதக் காட்டுனா மூஞ்சியச் சுளிக்கிறாங்க. வெள்ளையாக் கெடக்குற எடத்துக்குப் போ, அதுதான் அழகா இருக்குங்குறாங்க." பிறகு, "கடையில வாங்குனது மாதிரியே இருக்காம்" என்றான்.

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வார்த்தை என் காதில் நின்றது. இத்தனை காலம் நான் செய்து அனுப்பியவை எல்லாம் பிணத்தின் அச்சு. அதைத்தான் அழகு என்று ஊருக்குப் பழக்கிக் கொடுத்திருக்கிறேன். என்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மறுநாளே ஒரு வார்ப்புக்குத் தவிட்டு நிறம் பூசி இக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, ஒரு நாள் வெளியே வைத்துவிட்டு, பித்தளைக் குத்துவிளக்குக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

கல்லைக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த வருஷ மழைக்கு அது ஈரமாகவே இல்லை என்பது அப்போது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பலகை காய்ந்தே கிடந்தது. அவர் சமாதானமாகிவிட்டார், போகத் தயாராகிவிட்டார் என்று நினைத்து, தனியாக உட்கார்ந்து அழுதுமிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள், குளிப்பாட்டி அனுப்ப வேண்டும் என்று கல்லை இறக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். மாதக்கணக்கில் வைத்த குங்குமம் அடிவரை வழிந்து கறை பிடித்திருந்தது. குங்குமக் கறைக்கு நம் வீடுகளில் என்ன செய்வோம்? மீன் கழுவ வைத்திருந்த எலுமிச்சை மூடியை எடுத்து, பிறைப் பள்ளத்தில் அழுத்தித் தேய்த்தேன்.

சத்தம் வரவில்லை.

இன்னொரு முறை பிழிந்தேன். நகத்தால் சுரண்டிவிட்டுப் பிழிந்தேன். சாறு அப்படியே நின்றது, தட்டில் நிற்கிற தண்ணீர் மாதிரி. குனிந்து காதை வைத்தேன். தெருவில் ஆட்டோ போகிற சத்தம்தான் கேட்டது.

என் முகத்தைப் பார்த்து மூன்று பேரும் எழுந்து வந்தார்கள். ஆளுக்கொரு எலுமிச்சையை எடுத்துக்கொண்டு பட்டறையில் இருந்த எல்லாத் துண்டுகளிலும் பிழிந்தோம். காய வைத்தது, பெட்டியில் கட்டியது, உடைந்து மூலையில் போட்டது எல்லாவற்றிலும். ஒவ்வொன்றுக்கும் குனிந்து காதை வைத்தோம். வெளியிலிருந்து பார்த்திருந்தால், நான்கு பெண்கள் கல்லிடம் ரகசியம் கேட்கிறார்கள் என்று யாரானாலும் பயந்து ஓடியிருப்பார்கள். பிறகு இக்காவின் கடைக்குப் போய் அங்கேயும் பிழிந்தோம். ஒன்றும் நுரைக்கவில்லை.

முழங்கால் போனவள்தான் கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "சேச்சி, போன ஆயுத பூஜைக்கு..." என்று தொடங்கி மேலே சொல்ல முடியாமல் அழுதாள்.

ஆயுத பூஜைக்கு அச்சு, கரண்டி, வாளி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். தாய்க்கல் புகை பிடித்துக் கறுத்திருந்தது. சாமி முன்னால் வைக்கப்போகிறோமே, புதுசாக இருக்கட்டும் என்று இவள் ஆசையோடு அதற்கு ஒரு கோட் வெள்ளைப் பெயின்ட் அடித்து, மற்ற துண்டுகளோடு வரிசையில் காய வைத்திருக்கிறாள். காய்ந்ததும் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துப் பொட்டு வைத்துப் பலகையில் ஏற்றியிருக்கிறாள். அன்று பூஜையில் அதைப் பார்த்து, பளிச்சென்று இருக்கிறது என்று அவளைப் பாராட்டியது நான்தான். அச்சு நன்றாக இருந்ததால் அப்புறம் அதை இறக்க வேண்டிய தேவையும் வரவில்லை. மீதி எல்லாம் பெட்டி கட்டி, கடைக்குப் போய், விற்றுப்போயின.

நான் அவளைத் திட்டவில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கெட்ட சிரிப்பு அது. பூஜைக்குப் பிறகு ஒரு நாள் தவறாமல் நான் ஊதுபத்தி காட்டியதும், மழையில் அழவில்லையே என்று நான் நிம்மதிப்பட்டதும், என் கையால் வார்த்த பிளாஸ்டருக்கு. அவர் எங்கேயோ ஒரு கப்பல் ஏறி, யாருடைய பெட்டியிலோ சட்டைகளுக்கு நடுவில் போய்விட்டார். உடல் கிடைக்காத மனிதரை இரண்டாவது தடவையும் தொலைத்தேன்.

"எவிடெப் போயி நோக்கும் மோளே?" என்றார் இக்கா. எங்கே போய்ப் பார்ப்பது? அவர் கேட்டதிலும் தப்பில்லை.

அதிகாரி சொன்னபடி திரும்பி வந்தார். பலகையிலிருந்ததை நானே இறக்கிக் கொடுத்தேன். சொட்டு விட்டார். நுரைக்கவில்லை. அவர் முகத்தில் பெரிய நிம்மதி. அசலே கிடையாதா, அப்படியானால் நல்லதாகப் போயிற்று என்றார். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். சுற்றி நின்ற மூன்று பேரையும் பார்த்துவிட்டு, நல்லதாகப் போயிற்று மேடம் என்றேன்.

முத்திரை குத்திய துண்டுகளுக்கு நல்ல பேர் கிடைத்தது. எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து, எல்லா அறைகளிலும் வைக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். வந்தால் நான்கு வீட்டிலும் ஒரு வருஷத்துக்கு அடுப்பு எரியும். பேசப் போனேன். வரவேற்பறையில் காத்திருக்கச் சொன்னார்கள். அங்கே ஒரு கண்ணாடி மேஜை, அதன்மேல் வெள்ளையாக, கிளை கிளையாக ஒன்று.

வழக்கம்போலக் கைப்பையைத் திறந்தேன். வழக்கம்போல லேசாகச் சாய்த்து அடியில் பிழிந்தேன்.

நுரைத்தது. சோடா பாட்டிலைத் திறந்து தூரமாக வைத்தால் கேட்குமே, அவ்வளவு மெல்லிய சத்தம். வரவேற்பறை என்றும் பார்க்காமல் கல்லைத் தூக்கிப் புரட்டினேன். அடிப்பக்கம் ரம்பத்தால் அறுத்ததுபோல நேராக இருந்தது. பிறை இல்லை.

வேறு யாரோ உடைத்தது. அந்தக் கைக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அங்கேயும் யாராவது காத்திருந்திருப்பார்களோ என்னவோ. நுரை இன்னும் அடங்கவில்லை. அது கல் கரைகிற சத்தம் என்று அதிகாரி சொன்னது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் நான் கேட்கத் துடித்தது அதைத்தான். முந்தானையால் அவசர அவசரமாகத் துடைத்தேன்.

"சேச்சி எந்தா செய்யுன்னே?" என்று வரவேற்பறைப் பெண் ஓடி வந்தாள். இது அசல் என்றேன். "அதே, ஒரிஜினலா!" என்றாள், ஆமாம் ஒரிஜினல்தான் என்கிற பெருமையோடு.

மானேஜரிடம் சொன்னேன். பழைய முதலாளி காலத்திலிருந்தே இருப்பதாக அவர் சொன்னார். இருக்கலாம். அதைத் துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று அந்த அதிகாரியின் எண்ணைக் கொடுத்தேன். அந்த எண்ணைக் கொடுத்த கையோடு ஆர்டர் போய்விடும் என்று எனக்குத் தெரியும். போய்விட்டது. பட்டறையில் சொன்னபோது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முழங்கால் போனவள் மட்டும் ஒரு சாயா போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கல்லை அதிகாரி வந்து எடுத்துப் போனார் என்று கேள்விப்பட்ட அன்று கொழுந்தனைக் கூப்பிட்டேன். அசல் ஒன்று கிடைத்தது, ஆனால் அண்ணனுடையது இல்லை என்றேன்.

"யாருதா இருந்தா என்ன மதினி? எல்லாம் கடலோடதுதான" என்றான்.

அவன் சொல்வது சரிதான். அவனுக்குக் கடலில் அந்த இடம் தெரியும். தினமும் படகை அதன்மேல் நிறுத்திக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறான். எனக்கு வேண்டியது கடலுடையது இல்லை, அவருடையது. மறுநாள் காலையில் சந்தைக்குப் போனபோது எலுமிச்சையும் வாங்கிக்கொண்டேன்.